கயிறு யார் கையில்? – வேட்டை நாயின் கதை



"நாய் ஒரு வீட்டுப் பிராணி. அதற்கு நான்கு கால்கள் உண்டு. நாய் நன்றியுள்ளது." இந்த மூன்று வரிகளை எழுதாமல் தமிழ்ப்பள்ளியைக் கடந்து வந்தவர் நம்மில் எவரேனும் உண்டா? நானும் எழுதினேன். என் பேரனும் எழுதினான்.

சில மாதங்களுக்கு முன் அவன் தொலைக்காட்சியில் ஒரு வேட்டைக் காட்சியைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். "தாத்தா, அமெரிக்காவிலே நாயை விட்டு நரி பிடிக்கிறாங்க! நம்ம நாயும் வேட்டைக்குப் போகுமா?" என்று கேட்டான். "இப்போ போகாது அப்பு. ஒரு காலத்திலே போச்சு," என்றேன். பரிசளிப்பு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் கேட்டபோது, பேரனுக்குச் சொன்ன அந்தக் கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவன் பார்த்தது நாம் அறிந்த நரி அன்று. கொயோட்டி என்பது அதன் பெயர். வட அமெரிக்காவில் வாழும் அது நரிக்குப் பெரியது, ஓநாய்க்குச் சிறியது. ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்வதால் பண்ணைக்காரர்களுக்கு அதன் மேல் தீராத பகை. அதைப் பிடிக்க நாய்களை இரண்டு விதமாகப் பழக்குகிறார்கள். ஒன்று, ஓட்ட நாய். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல் ஓடக்கூடிய கிரேஹவுண்ட் இன நாய்களையும் அவற்றின் கலப்பு நாய்களையும் வண்டியில் பெட்டி கட்டி ஏற்றிப் போவார்கள். கொயோட்டி கண்ணில் பட்டதும் கதவைத் திறந்துவிடுவார்கள். மற்றது, ஆசைகாட்டும் நாய். குட்டி போட்டிருக்கும் காலத்தில் கொயோட்டி தன் வளையருகே அந்நிய நாயை விடாது, விரட்டிக்கொண்டு வரும். பழகிய நாய் பயந்ததுபோல் பின்வாங்கி ஓடி, அதை நேரே துப்பாக்கியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிடும்! இவை போதாதென்று இரும்புப் பொறிகளும் உண்டு.

1931-இல் இத்தகைய விலங்குகளை ஒழிக்க அமெரிக்க அரசாங்கம் தனிச் சட்டமே போட்டது. பலன் என்ன? ஒரு காலத்தில் மேற்குப் பகுதியில் மட்டும் திரிந்த கொயோட்டி, இன்று ஹவாய் தீவைத் தவிர அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது!

சரி, நம்மவர் கதைக்கு வருவோம்.

நாயோடு வேட்டைக்குப் போவது தமிழனுக்குப் புதிதன்று. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. வேடர்கள் நாய்களோடு போய்ப் புதர்களைக் கலைக்கிறார்கள். வலை கட்டி வளைத்து முயல்களைப் பிடிக்கிறார்கள். நாய்க்கு அந்நாளில் ஞமலி என்றொரு பெயர். பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் கதை உங்களுக்குத் தெரியும். அவர் திண்ணனாக இருந்த நாளில் முதன்முதல் போனதும் நாய்கள் சூழ்ந்த வேட்டைக்குத்தான். வலையை அறுத்துக்கொண்டு ஓடிய ஒரு காட்டுப்பன்றியைத் துரத்திப் போனதால்தான் அவர் காளத்தி மலைக்கே வந்து சேர்ந்தார்.

நாய்க்கு நன்றி சொன்ன தமிழரும் உண்டு. திருவண்ணாமலை வட்டாரத்தில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருந்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், அதாவது 7-ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட ஒரு வீரனுக்கு நட்ட கல் அது. அவனோடு நின்று இரு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாயின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். அரசர் பெயரும் தெய்வத்தின் பெயரும் பொறிக்கிற கல்லிலே ஒரு நாயின் பெயர்!

பிற்காலத்திலும் தென்பாண்டிச் சீமையில் நல்ல நாயினங்கள் வளர்ந்தன. முயலைத் துரத்தச் சிப்பிப்பாறை. பன்றியை எதிர்க்கக் கோம்பை. வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் ராஜபாளையமும் ஒன்று.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். அவன் ஊரிலே குதிரை ஏறி, நாய்க்கூட்டத்தை விட்டு நரியை விரட்டுவது கனவான்களின் விளையாட்டு. அந்த விளையாட்டு இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. மதராஸ் வெயிலில் இங்கிலாந்து நாய்கள் தாங்கவில்லை. குளிர்ந்த நீலகிரி மலையோ வசதியாய் அமைந்தது. சீமையிலிருந்து கப்பலில் நாய்கள் வந்தன. இங்கிலாந்து நரி அங்கே இல்லையே என்று குள்ளநரியைத் துரத்தினார்கள். சிவப்புக் கோட்டு, ஊதுகொம்பு, குதிரை எல்லாம் ஊட்டிப் புல்வெளியில் அப்படியே நடந்தன. அந்தப் புல்வெளிக்கு மதராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர். வென்லாக் டவுன்ஸ் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மலையில் எந்தக் குடியானவனின் ஆட்டையும் காப்பாற்ற அந்த வேட்டை நடக்கவில்லை. பொழுதுபோகவே நடந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இங்கிலாந்திலேயே நாயை விட்டு நரி வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

இனி நம்ம கோப்பெங்.

காக்கா வடை கதையில் நரியைக் கேட்டிருப்போம். நம் காட்டில் நரியைக் கண்டவர் இல்லை. இங்கே நமக்கு வாய்த்த எதிரி காட்டுப்பன்றி. ஒரு பக்கம் ஈயச் சுரங்கம், ஒரு பக்கம் கித்தா தோட்டம், கிழக்கே தித்திவங்சா மலைக்காடு. இந்தக் காட்டை நமக்கு முன்பே அறிந்தவர்கள் செமாய் என்னும் ஒராங் அஸ்லி மக்கள். அவர்களது ஊதுகுழல் அம்பில் தடவும் நஞ்சு ஈப்போ மரத்துப் பாலிலிருந்து எடுப்பது. நம் ஈப்போ நகரத்துக்குப் பெயர் வந்ததும் அந்த மரத்தால்தான்.

கங்காணிகள் அழைத்து வந்த நம் மக்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டார்கள். பால்மரச் சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்கும் பற்றாத காலம். இரவில் பன்றிக்கூட்டம் வந்து போனால் காலையில் ஒரு கிழங்கு மிஞ்சாது. ஆகவே நாய் வளர்த்தார்கள். ராஜபாளையமா, கோம்பையா? ஒன்றுமில்லை. லயத்தில் பிறந்து, லயத்துச் சோற்றில் வளர்ந்த நாட்டு நாய்கள்.

நான் சிறுவனாயிருந்த 1960-களில், ஞாயிற்றுக்கிழமைகளில் என் அப்பாவும் அண்டை வீட்டாரும் ஐந்தாறு பேராகக் கிளம்புவார்கள். கையில் ஈட்டியும் பாராங்கும். நாய்கள் ஏழெட்டு. மோப்பம் பிடித்த நாய் குரல் கொடுக்கும். மற்றவை ஓடிப்போய் வளைத்துக்கொள்ளும். பன்றி மூங்கில் புதருக்கு முதுகைக் கொடுத்து நிற்கும். கெட்டிக்கார நாய் முன்னால் போய்ப் பாயாது. பின்னங்காலைக் கவ்விவிட்டு விலகும். ஆட்கள் வந்து சேரும்வரை பன்றியை நகரவிடாமல் நிறுத்துவதே அதன் வேலை. அவசரப்பட்ட நாயின் வயிற்றைத் தந்தம் கிழித்துவிடும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் போட்டுக் கட்டுவார்கள். கறி பங்கு வைக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, நாய்க்கும் ஒரு பங்கு. "நாய் பங்கைக் குறைச்சா அடுத்த தடவ காடு ஒண்ணும் கொடுக்காது" என்பார் அப்பா.

அதற்கு முன்னால் ஒரு காலம் இருந்தது. 1948 முதல் 1960 வரை அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. ஒரு பிடி அரிசியை வெளியே கொண்டுபோனாலும் குற்றம். யார் காட்டுக்குப் போக முடியும்? நம் நாய்கள் வேலிக்குள் கிடந்தன. அதே காட்டுக்குள் பிரிட்டிஷ் ராணுவத்தின் மோப்ப நாய்கள் போயின. அவை தேடியது பன்றியை அல்ல, மனிதனை. நாய்க்கு என்ன தெரியும்? கயிற்றைப் பிடித்தவன் காட்டிய திசையில் போயிற்று.

இப்போது எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுதக் கொஞ்சம் கூச்சந்தான், ஆனாலும் சொல்கிறேன்.

வேட்டைக்குப் போக நேரமில்லாத ஒரு மாதத்தில் அப்பா மரவள்ளிக் கொல்லையைச் சுற்றிக் கம்பிக் கண்ணி வைத்தார். மிதிவண்டியின் பிரேக் கம்பியில் செய்த சுருக்கு. இரண்டாம் நாள் இரவு ஒரு கதறல். ஓடிப்போய் விளக்கைப் பிடித்தால், மாட்டிக்கொண்டது எங்கள் மணி. பன்றியை விரட்டப் போன நாய்! இழுக்க இழுக்கக் கம்பி இறுகி, முன்னங்காலில் எலும்புவரை இறங்கிவிட்டது. அப்பா கம்பியை அறுத்து, அதைத் தோளில் தூக்கி வந்தார். "உனக்கா வச்சேன்? உனக்கா வச்சேன்?" என்று அவர் அழுததை அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். மணி பிழைத்தது, அந்தக் கால் பிழைக்கவில்லை. மறுநாளே எல்லாக் கண்ணியையும் பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார். மூன்று காலோடு அது இன்னும் ஆறு வருடம் எங்கள் வாசலைக் காத்தது.

கண்ணி ஆள் பார்ப்பதில்லை. பன்றிக்கு வைத்தால் நாய் விழும், மான் விழும், புலியும் விழும். தீபகற்ப மலேசியாவில் காட்டில் எஞ்சியிருக்கும் புலிகள் 150-க்கும் குறைவு. அதனால்தான் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணி வைப்பவருக்குக் கடுந்தண்டனை விதிக்கிறது. இன்று பன்றி வேட்டைக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடைசியாக ஒன்று. விடுதலைக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று, நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துச் சில தோட்டங்களைக் காப்பாற்றினார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. எங்கள் தோட்டமும் 1980-களின் இறுதியில் கைமாறியது. லாரியில் பீரோ ஏறியது, சாமிப்படம் ஏறியது, கோழிக்கூண்டும் ஏறியது. நாய்கள் ஏறவில்லை. அடுக்குமாடி வீட்டில் எங்கே கட்டுவது? லாரிக்குப் பின்னால் பெரிய சாலைவரை ஓடி வந்தன. ஒரு வாரம் கழித்துப் போனபோதும் கதவில்லாத லயத்து வாசலில் சில நாய்கள் படுத்திருந்தன. காவல் காத்தன. எதற்குக் காவல்?

எடுத்தனூர்க்காரன் கல்லிலே பெயர் வெட்டினான். நாங்கள் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத் திரும்பி வந்தோம். அன்று எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். முழுக்க நம்ப முடியவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு வேட்டை தேவையில்லை. ஆனால் நாய் இன்னும் உங்கள் வாசலில்தான் இருக்கிறது. வளர்ப்பதானால் உரிமம் எடுங்கள், ஊசி போடுங்கள். வீடு மாறினால் அதற்கும் ஓர் இடம் பார்த்துவிட்டு மாறுங்கள். காட்டோரம் கம்பிக் கண்ணியைக் கண்டால் தொடாமல் ஆசிரியரிடமோ வனவிலங்குத் துறையிடமோ சொல்லுங்கள். பள்ளி வாசலில் நிற்கும் நாய் மீது கல்லெறிய வேண்டாம். அதன் தாத்தா உங்கள் தாத்தாவின் மரவள்ளியைக் காத்திருக்கலாம்.

அடுத்த முறை "நாய்" என்று கட்டுரை எழுதும்போது அந்த மூன்று வரிகளோடு நான்காவதாக ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "நாங்களும் நாய்க்கு நன்றியுள்ளவர்கள்." எழுதினால் போதாது, அதை உண்மையாக்குவதும் உங்கள் கையில்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் தமிழ்!