பாம்பன் சுங்கமும் பைத்துல்மாலும்

பாம்பன் வழியாக இராமேசுவரம் செல்வோர் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்னும் இரண்டு ஊர்களை அடுத்தடுத்துக் கடக்கின்றனர். கடலை நம்பி வாழும் இவ்வூர்களின் பெயர்களுக்குப் பின்னே ஒரு வரி வசூலின் கதை இருப்பதைப் பலர் அறியார்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரத்தை ஆண்டவர் முத்து விஜயரகுநாத சேதுபதி. அவர் தம் பெண்மக்கள் இருவரையும் தண்டத்தேவர் என்பவருக்கே மணமுடித்து, அவரைத் தீவின் நிர்வாகியாகவும் அமர்த்தினார் என்று சேதுநாட்டில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அந்நாளில் பாம்பனிலிருந்து இராமேசுவரம் வரை மணற்பாதையே இருந்தது. கால் புதைய நடந்து வந்த யாத்திரிகர்களுக்காகத் தண்டத்தேவர் சாலை அமைக்க முற்பட்டார். அதன் செலவுக்காக அந்த யாத்திரிகர்களிடமே சிறு சுங்கம் வாங்கினார். சேது யாத்திரை வருவோரிடம் பணம் பறிப்பது சிவத்துரோகம் எனச் சினந்த சேதுபதி, மருமகனுக்கு மரண தண்டனை விதித்தார். கணவனின் சிதையில் இரு பெண்களும் உயிர் நீத்தனர். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இவ்விரண்டு ஊர்களுக்கும் பெயராயின என்பது அக்கதை.

அத்தண்டனையின் கொடுமையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் கதை எழுப்பும் வினா பெரிது. செலவு நல்லதாக இருந்தால் போதுமா? வரவும் தூயதாக இருக்க வேண்டாமா?

இஸ்லாமிய வரலாற்றிலும் இவ்வினா எழுந்ததுண்டு. ஹிஜ்ரி 99 முதல் 101 வரை (கி.பி. 717–720) ஆட்சி புரிந்தவர் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்). இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் ஜிஸ்யா வரி வாங்கும் வழக்கத்தை அவர்கள் ஒழித்தார்கள். பைத்துல்மாலின் வருவாய் குறைந்துவிடும் என ஆளுநர்கள் முறையிட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டவே அனுப்பப்பட்டார்கள், வரி தண்ட அல்ல என்ற கருத்தில் பதில் எழுதினார்கள். கருவூலம் குறையலாம், நீதி குறையலாகாது என்பது அவர்கள் கொள்கை.

நம் மாநிலத்தின் கணக்குப் புத்தகத்திலும் இதே வினாவைக் காண்கிறோம். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்; பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. கள், சாராயத் தீர்வையோ மாகாண வருவாயின் பெருந்தூண்களுள் ஒன்று. அத்தூணை அகற்றியவர் கூரையைத் தாங்க வேறொரு தூணையும் நட்டார். அதுவே 1939ஆம் ஆண்டின் பொது விற்பனை வரிச் சட்டம். ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உடையோரிடம் அரை விழுக்காடு வாங்கப்பட்டது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் அவ்வரி நிலைத்தது. பிற மாகாணங்களும் அதைப் பின்பற்றின.

போர்க்காலத்தில் தளர்ந்த மதுவிலக்கு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியபோது அரசுக்கு மதுக்கடை வருவாய் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது. ஏழைப் பிள்ளைக்குச் சோறிட மதுப்பணம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது.

1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. முதுமையிலும் இராஜாஜி வேண்டாமென்று மன்றாடினார், பயனில்லை. பின்னர் 1974இல் மீண்டும் தடை, 1981இல் மீண்டும் திறப்பு என ஊசலாடிய கொள்கை, 1983இல் டாஸ்மாக் நிறுவனத்தையும், 2003இல் அரசே நடத்தும் சில்லறைக் கடைகளையும் பெற்றெடுத்தது. 2003–04இல் சுமார் 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய், 2023–24இல் 45,855 கோடியைத் தாண்டியது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு.

இதில் ஒரு விந்தையும் உண்டு. இத்தொகையில் ஆயத்தீர்வையைவிட விற்பனை மீதான மதிப்புக் கூட்டு வரியே மிகுதி. மதுவை ஒழிக்கப் பிறந்த விற்பனை வரியின் வாரிசு, மதுவாலேயே கொழுக்கிறது! 2017 சூலை 1 முதல் பெரும்பாலான பொருள்கள் சரக்கு, சேவை வரிக்குள் சென்றபின், மாநிலம் தானே விகிதம் வகுக்கக்கூடிய பெரிய விற்பனை வரிகள் மதுவும் பெட்ரோலியமுமே என்றாயிற்று.

ஒரே நாளில் கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் அறிவோம். எனினும் அத்துயரம் கடைகள் திறந்திருக்கும்போதே நிகழ்ந்தது. மதுவில் சில பயன்கள் உண்டு, அதன் தீமையோ பயனினும் பெரிது எனத் திருமறை (2:219) உணர்த்துகிறது. கருவூலத்துக்குக் கிட்டும் பயனை நாம் மறுக்கவில்லை. வீட்டுக்கு நேரும் தீமையை எந்த ஏட்டில் எழுதுவது என்றே கேட்கிறோம்.

தங்கச்சிமடத்துக்கே மீண்டு வருவோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அக்காலத்துக்கான நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தப்படும் என 2023 ஆகஸ்டில் அருகிலுள்ள மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. நல்ல செலவுதான். ஆனால் குடும்பத் தலைவன் குடிப்பவனாயின், அரசின் வலக்கை கொடுத்ததை இடக்கை வாங்கிக்கொள்கிறது. இடையில் அடுப்பு எரியாமல் நிற்பவள் அவன் மனைவி.

இதற்கு வழி இராஜாஜி காட்டியதே: படிப்படியாகக் குறைத்தல், குறைவதற்கு ஈடாகத் தூய வரவை வளர்த்தல். இங்கே நம் பங்கும் உண்டு. நாம் பெரிதும் வணிகச் சமுதாயம். மதுக்கடைகளை மூடுக என்று மேடையில் முழங்கிவிட்டு, ரசீது இல்லாமல் விற்பதும், வரிக்கு அஞ்சி ரசீது வேண்டாமென்று வாங்குவதும், நிலத்தின் விலையைப் பத்திரத்தில் குறைத்து எழுதுவதும் நமக்கு அழகா? நாம் ஒளிக்கும் ஒவ்வொரு ரூபாயையும் அரசு எங்கிருந்து ஈடுகட்டுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தூய வரியை மனமுவந்து செலுத்துவோரே, தீய வரி வேண்டாமென்று உரிமையுடன் கேட்க முடியும்.