கன்னேரிமுக்கு பங்களாவும் ஒரு விற்பனை விளம்பரமும்

 

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். கோத்தகிரிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து பங்களா, பழமை மாறாமல் புதுப்பித்தது, சுற்றிலும் தோட்டம், விற்பனைக்கு. "டீச்சர், வாங்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டிருந்தான். நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் திணறியவன், இன்று பனியன் கம்பெனி முதலாளி. எனக்குப் பெருமைதான். விலை நியாயமா என்று எனக்குத் தெரியாது. அந்த மலையில் பங்களா என்ற ஒன்று எப்படி வந்தது என்று மட்டும் கொஞ்சம் தெரியும்.

கோத்தகிரியை ஒட்டி கன்னேரிமுக்கு என்று ஒரு ஊர். அங்கே 1819-ல் கட்டிய பெத்தக்கல் பங்களா இருக்கிறது. கட்டியவர் ஜான் சல்லிவன். அவர் யாரோ அல்ல கண்ணுகளா, நம்ம கலெக்டர். திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல்தானே? அன்றைக்கு அவிநாசி, தாராபுரம், நீலகிரி எல்லாமே கோயம்புத்தூர் கலெக்டருக்குக் கீழேதான். 1818-ல் அவருடைய உதவியாளர்கள் இருவர் மலை ஏறிப் பார்த்துவிட்டு வந்து குளிரைப் பற்றிச் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில் அவரே ஏறிவிட்டார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டி முடித்ததே 1823-ல்தான். நாம் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வளைவுக்கு வளைவு வாந்தி என்று புலம்புகிறோம்!

பிறகு அவர் ஊட்டிக்குப் போனார். 1822-ல் அங்கே கல் வீடு கட்டத் தொடங்கினார். அதுதான் ஸ்டோன் ஹவுஸ். மலை மக்கள் கல் பங்களா என்றார்கள். இன்று ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றித் தோட்டம் போட்டு, சீமையிலிருந்து விதை வரவழைத்தார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் அந்த மலையில் இப்படித்தான் பரவின. நம் சந்தையில் இன்னும் "இங்கிலீஷ் காய்" என்றுதானே கேட்கிறோம்.

இனிமேல்தான் விஷயம். அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் அல்ல. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து வாங்கினார் என்று சொல்வார்கள். பத்திரமும் பட்டாவும் என்னவென்றே அறியாத மக்களிடம் அது என்ன வியாபாரம்? ஆனால் அதே மனிதர்தான் பிறகு, இந்த நிலம் தோடர்களுக்கே உரியது, எடுத்தால் ஈடு தரவேண்டும் என்று மேலிடத்தோடு வாதாடினார். கவர்னர் லஷிங்டனுக்கும் அவருக்கும் இதில் ஒத்துப்போகவில்லை. நல்லவரா கெட்டவரா என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். அவர் மனைவியும் ஒரு மகளும் ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பி 1855-ல் இறந்தார்.

கன்னேரிமுக்கு வீடு ரொம்பக் காலம் பாழடைந்து கிடந்தது. 2000-க்குப் பிறகுதான் மாவட்ட நிர்வாகம் எடுத்துப் பழுதுபார்த்தது. இப்போது அது நினைவகம். நீலகிரியின் பழைய படங்களும் ஆவணங்களும் வைத்திருக்கிறார்கள். அது விற்பனைக்கு இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் பாட்டன் வீடு அவிநாசிப் பக்கம் இருந்தது. ஓட்டு வீடு. ஆசாரத்தில் தேக்குத் தூண்கள், பின்னால் கிணறு, கிணற்றைச் சுற்றித் தென்னை. பங்காளிகள் சேர்ந்து விற்றோம். நானும்தான் கையெழுத்துப் போட்டேன், மகளின் கல்யாணச் செலவு இருந்தது. வாங்கியவர் ஒரே வாரத்தில் இடித்து ஷெட் போட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, இடிக்கக் கூடாது என்று நாங்கள் யாரும் சொல்லவே இல்லை. தூண்கள் எந்த ஊருக்குப் போயினவோ. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை.

ஆகவே தம்பி, வாங்குவதானால் வாங்கு. வில்லங்கம் பார்க்க வக்கீல் இருக்கிறார். நீ தாய்ப் பத்திரம் வரைக்கும் வாங்கிப் படி, அதற்கு முன்னால் அந்த இடம் யாருடையது என்று பக்கத்து ஹட்டியில் உள்ள பெரியவர்களிடம் உட்கார்ந்து கேள். "புதுப்பித்தது" என்றால் என்ன மாற்றினார்கள், சுண்ணாம்பு பூசினார்களா, சிமெண்ட் அப்பினார்களா என்றும் பார். தோட்டக்காரர் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார், வீடு கைமாறினால் அவர் எங்கே போவார் என்பதையும் கேட்டுக்கொள். போகிற வழியில் கன்னேரிமுக்கில் இறங்கி அந்தப் பழைய வீட்டைப் பார்த்துவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன். முன் சீட்டு எனக்கு, வளைவு ஒத்துக்கொள்ளாது.