பாட்டு வாத்தியார் சம்பளத்துக்கு ஒரு பங்க் மேட்னி

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சைனாடவுனில் 2013 முதல் சில ஆண்டுகள் பங்க் இசைக் கச்சேரிகள் பட்டப்பகலில் நடந்தன. அவற்றில் திரண்ட பணம் அதே பகுதியிலுள்ள காஸ்டெலார் தொடக்கப்பள்ளியின் இசை வகுப்புக்குப் போனது. 'சேவ் மியூசிக் இன் சைனாடவுன்' என்று பெயர். எந்த வயதினரும் உள்ளே வரலாம். பள்ளிக்கூடத்தைக் கேலி செய்து வளர்ந்த இசை பள்ளிக்கூடத்துக்கே உண்டியல் ஏந்தியதன் காரணம் 1978ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது.

அந்த ஆண்டு ஜூன் 6 அன்று கலிஃபோர்னியா வாக்காளர்கள் 13ஆம் எண் முன்மொழிவை ஏறக்குறைய 65 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். வீட்டு விலை ஏற ஏறச் சொத்து வரியும் ஏறியது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளியவர்கள் வரி கட்ட முடியாமல் திணறினார்கள். ஆகவே அந்த வாக்கைச் சுயநலம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. புதிய சட்டப்படி வரி, சொத்து மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சொத்து கைமாறும்வரை அந்த மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயர்த்தவும் கூடாது. சொத்து வரி வருமானம் ஒரே வீச்சில் பாதிக்கும் மேல் சரிந்தது. அதை நம்பியிருந்த பள்ளிகள் மாநில அரசின் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. கணக்கையும் வாசிப்பையும் நிறுத்த முடியாது. கத்தி முதலில் விழுந்தது பாட்டு, ஓவியம், நூலகம் ஆகியவற்றின் மேல்தான். 

அதே 1978இல்தான் சைனாடவுனுக்கு ராக் இசை வந்தது. ஷாங்காயில் பிறந்த எஸ்தர் வோங், தமது 'மேடம் வோங்ஸ்' உணவகத்தில் பாலினீசியப் பாட்டுக்குக் கூட்டம் சேராததால் இளைஞர் குழுக்களுக்கு மேடை கொடுத்தார். கண்டிப்பானவர். ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் கச்சேரியை இடையில் நிறுத்தி, கழிப்பறைச் சுவரில் கிறுக்கியதை அந்தக் குழுவினரைக் கொண்டே துடைக்க வைத்தார் என்று இன்றும் சொல்வார்கள். அவருக்குப் பங்க் அவ்வளவாகப் பிடிக்காது. அவர் ஒதுக்கியவர்களுக்கு 1979இல் அருகிலேயே திறந்த 'ஹாங்காங் கஃபே' இடம் தந்தது. ஜெர்ம்ஸ், பேக்ஸ், பிளாக் ஃபிளாக் ஆகிய குழுக்கள் அங்கே வாசித்தன. இரண்டு ஆண்டுகளில் அதுவும் மூடப்பட்டது.

வயது விஷயம் இந்த இசைக்கு உயிர்ப்பிரச்சினை. கலிஃபோர்னியாவில் மது அருந்தும் வயது 21. சாப்பாடு போடும் உணவகத்துக்குள் சிறுவர்கள் போகலாம். மதுக்கூடத்துக்குள் போக முடியாது. பங்க் வாசித்தவர்களில் பலருக்கே 17, 18 வயதுதான். 1980இல் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸுக்கு வாசிக்க வந்த டீன் ஐடில்ஸ் குழுவினரின் புறங்கையில் பெரிய பெருக்கல் குறி போட்டார்கள்: இவர்களுக்கு மது ஊற்றாதே என்று பரிமாறுபவருக்கு அடையாளம். அவர்கள் அந்த உத்தியை ஊருக்குக் கொண்டுபோய், குறி போட்டாவது சிறுவர்களை உள்ளே விடுங்கள் என்று அங்குள்ள அரங்குகளிடம் கேட்டார்கள். மது வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று 1984இல் மத்தியச் சட்டம் வந்தபின் கெடுபிடி நாடு முழுவதும் கூடியது. சியாட்டில் ஒருபடி மேலே போய், சிறுவர்கள் ஆடும் நிகழ்ச்சிக்கு 10 லட்சம் டாலர் காப்பீடு வேண்டும் என்று 1985இல் விதித்தது. 2002வரை அது நீடித்தது.

மதுக்கூடம் பிழைப்பது டிக்கெட்டில் அல்ல, கோப்பையில். மது இல்லையென்றால் லாபமும் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் முதலாளிக்கு வேலையில்லை. அதனால் எல்லா வயதினருக்குமான கச்சேரிகள் தேவாலயக் கூடங்களுக்கும் தொண்டர்கள் நடத்தும் அரங்குகளுக்கும் நகர்ந்தன. பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று திறந்த கில்மன் தெரு அரங்கு இவ்வகையில் புகழ்பெற்றது. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவது இங்கே சுலபமாக ஒட்டிக்கொண்டது. வாஷிங்டனின் ஃபுகாஸி குழு நுழைவுக் கட்டணத்தை 5 டாலர் அளவிலேயே வைத்து, சொந்த ஊர்க் கச்சேரிகளைப் பெரும்பாலும் பொதுக்காரியங்களுக்கே கொடுத்தது.

பங்க் மேடையிலிருந்து பள்ளி இசையின் பக்கம் திரும்பியவர்களில் ஃபிளீ முக்கியமானவர். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் பேஸ் கலைஞர்; ஃபியர் என்ற பங்க் குழுவிலும் சிறிது காலம் இருந்தார். தாம் டிரம்பெட் வாசித்துப் பழகிய ஃபேர்ஃபேக்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இசைத் துறை மெலிந்து கிடப்பதைக் கண்டபின், 2001இல் சில்வர்லேக் இசைப்பள்ளியை நண்பர் கீத் பேரியோடு சேர்ந்து நிறுவினார்.

சைனாடவுன் தொடரைத் தொடங்கியவர்கள் மார்ட்டின் வோங், வெண்டி லௌ தம்பதி. 'ஜயன்ட் ரோபாட்' இதழை இணைந்து நிறுவியவர் மார்ட்டின். காஸ்டெலார் 1882இல் தொடங்கிய பள்ளி. நகரத்தின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. அங்கே பாட்டு வகுப்புக்குப் பணம் இல்லை என்றதும் பெற்றோர் தாங்களே மேடை போட்டார்கள். வாசலில் பலகார விற்பனை, குலுக்கல்; உள்ளே அடோலசென்ட்ஸ் போன்ற பழைய குழுக்கள். ஒரு காலத்தில் ஹாங்காங் கஃபேயில் பாடிய பேக்ஸ் குழுவின் ஆலிஸ் பேக்கும் வந்து பாடினார். அவரே பள்ளி ஆசிரியராக இருந்தவர். இந்தப் பகல் கச்சேரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் 2018இல் லிண்டா லிண்டாஸ் என்ற குழுவாகி, இதே மேடையிலும் வாசித்தார்கள். 2021இல் நகர நூலகம் ஒன்றில் அவர்கள் பாடிய காணொலி உலகெங்கும் பரவியது. எபிடாஃப் இசைத்தட்டு நிறுவனம் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது.

குழந்தைகளுக்கு மேடைப் பழக்கத்தைக் கொடுத்தது இந்தக் கச்சேரிகளின் பெரிய சாதனை. ஆனால் ஒரு மாநிலத்தின் வரி விட்ட ஓட்டையை டிக்கெட் பணத்தால் அடைக்க முடியாது. அதைச் செய்ய மறுபடி வாக்குப்பெட்டிதான் தேவைப்பட்டது. 2022 நவம்பரில் 28ஆம் எண் முன்மொழிவு சுமார் 64 சதவீத ஆதரவோடு வென்று, பள்ளிகளின் கலை, இசைக் கல்விக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கோடி டாலரை ஒதுக்கியது. 500 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள பள்ளி மாவட்டங்கள் அதில் 80 சதவீதத்தை ஆசிரியர், பணியாளர் சம்பளத்துக்கே செலவிட வேண்டும். அந்தப் பணத்தைப் புதிய வகுப்புகளுக்குச் செலவிடாமல் பழைய செலவை ஈடுகட்டப் பயன்படுத்தியதாக லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகத்தின் மீது 2025 பிப்ரவரியில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்குத் தொடர்ந்தவர்களில் ஒருவர், முன்மொழிவை முன்னின்று எழுதிய முன்னாள் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆஸ்டின் பியூட்னர்.