வி/எச்/எஸ்/2 (திரைப்படம்)

வி/எச்/எஸ்/2 என்பது 2013 ஆம் ஆண்டில் வெளிவந்த திகில் தொகுப்புத் திரைப்படமாகும். 2012 இல் வெளிவந்த வி/எச்/எஸ் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் தொடர்ச்சியாக இது எடுக்கப்பட்டது. ஃபவுண்ட் ஃபூட்டேஜ் எனப்படும் கண்டெடுத்த ஒளிப்பதிவு வகையைச் சேர்ந்தது. கதைமாந்தர்களே எடுத்த நிகழ்படம் பின்னர் யாரோ ஒருவரின் கைக்குக் கிடைத்தது போன்ற தோற்றத்துடன் கதை சொல்வது இவ்வகையின் இயல்பு. நான்கு குறுங்கதைகளும் அவற்றை ஒன்றிணைக்கும் ஓர் இணைப்புக் கதையும் இதில் உள்ளன. படத்தின் ஓட்ட நேரம் 96 நிமிடங்கள். ஆங்கிலத்திலும் இந்தோனேசிய மொழியிலும் உரையாடல்கள் அமைந்துள்ளன.

திகில் படங்களின் தொடர்ச்சிகள் முதற்படத்தைவிடத் தரத்தில் தாழ்ந்திருக்கும் என்பது இரசிகர்களிடையே பரவலாக உள்ள எண்ணம். அதற்கு விதிவிலக்காக அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் படங்களுள் இதுவும் ஒன்று. எனினும் இதன் ஐந்து பகுதிகளையும் பார்வையாளர்கள் ஒரே அளவில் ஏற்கவில்லை.

== பின்னணி ==

வி/எச்/எஸ் என்பது யப்பானிய நிறுவனமான ஜேவிசி 1976 இல் அறிமுகப்படுத்திய நிகழ்பட நாடா முறையின் பெயர். 1980களில் திகில் படங்கள் வீடுகளுக்குள் நுழைய இந்நாடாக்களே பெரிதும் காரணமாயின. அக்காலத்தின் மங்கலான படிமங்களையும் தேய்ந்த நாடாவின் கோடுகளையும் இத்திரைப்படத் தொடர் தன் அடையாளமாக்கிக் கொண்டது.

முதற்படம் 2012 சனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அத்திரையிடலில் பார்வையாளர் ஒருவர் மயக்கமுற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. அதற்கு மறு ஆண்டே, 2013 சனவரியில், இத்தொடர்ச்சியும் அதே விழாவின் நள்ளிரவுத் திரையிடல் பிரிவில் காட்டப்பட்டது. அப்போது இதன் பெயர் எஸ்-விஎச்எஸ். வி/எச்/எஸ் முறையின் மேம்பட்ட வடிவத்தின் பெயரே அது. பின்னரே வி/எச்/எஸ்/2 எனப் பெயர் மாற்றப்பட்டது. 2013 சூன் 6 அன்று இணையம், தொலைக்காட்சி வழியாகக் கட்டணம் செலுத்திப் பார்க்கும் முறையிலும், சூலை 12 அன்று அமெரிக்கத் திரையரங்குகளிலும் மேக்னட் ரிலீசிங் நிறுவனத்தினரால் வெளியிடப்பட்டது.

== பகுதிகளும் இயக்குநர்களும் ==

* டேப் 49 (இணைப்புக் கதை): சைமன் பாரெட்
* ஃபேஸ் ஒன் கிளினிக்கல் டிரயல்ஸ்: ஆடம் விங்கார்ட்
* எ ரைட் இன் த பார்க்: எடுவார்டோ சான்செஸ், கிரெக் ஹேல்
* சேஃப் ஹேவன்: காரெத் எவன்ஸ், டிமோ சாஹ்யாந்தோ
* ஸ்லம்பர் பார்ட்டி ஏலியன் அப்டக்ஷன்: ஜேசன் ஐசனர்

இவர்களுள் சான்செஸ் 1999 இல் வெளிவந்த த பிளேர் விட்ச் புராஜெக்ட் படத்தின் இரு இயக்குநர்களுள் ஒருவர். ஹேல் அப்படத்தின் தயாரிப்பாளர்களுள் ஒருவர். கண்டெடுத்த ஒளிப்பதிவு வகையை உலகெங்கும் பரப்பிய படம் அது. எவன்ஸ் வேல்ஸ் நாட்டவர். இந்தோனேசியாவில் எடுத்த த ரெய்டு (2011) என்ற சண்டைப் படத்தால் அறியப்பட்டவர். சாஹ்யாந்தோ இந்தோனேசியத் திகில் பட இயக்குநர். ஐசனர் கனடாவைச் சேர்ந்தவர்.

== கதைச்சுருக்கம் ==

குறிப்பு: கதையும் முடிவும் இப்பிரிவில் விவரிக்கப்பட்டுள்ளன.

'''டேப் 49''': காணாமற்போன கல்லூரி மாணவன் ஒருவனைத் தேடித் தனியார் துப்பறிவாளர்களான லாரியும் அயேஷாவும் ஒரு வீட்டுக்குள் நுழைகின்றனர. அங்கே தொலைக்காட்சிப் பெட்டிகளும் நிகழ்பட நாடாக்களும் குவிந்து கிடக்கின்றன. லாரி வீட்டைச் சோதிக்க, அயேஷா நாடாக்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். மற்ற நான்கு கதைகளும் அந்நாடாக்களில் உள்ளவை. பார்க்கப் பார்க்க அவள் உடல்நிலை சீர்கெடுகிறது.

'''ஃபேஸ் ஒன் கிளினிக்கல் டிரயல்ஸ்''': விபத்தில் ஒரு கண்ணை இழந்த எர்மனுக்குப் படக்கருவி பொருத்திய செயற்கைக் கண் வைக்கப்படுகிறது. ஆய்வுக்காக அவன் காண்பதனைத்தும் பதிவாகும் என்பது உடன்பாடு. வீடு திரும்பியதும் இறந்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றனர். செவியில் கருவி பொருத்தப்பட்ட கிளாரிசா என்னும் பெண்ணுக்கோ அவர்களின் ஒலி கேட்கிறது.

'''எ ரைட் இன் த பார்க்''': தலைக்கவசத்தில் படக்கருவியுடன் காட்டுப் பாதையில் மிதிவண்டி ஓட்டும் மைக், சோம்பி ஒன்றால் கடிக்கப்பட்டு இறந்து, தானும் சோம்பியாக எழுகிறான். அதன் பின்னரும் படக்கருவி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில் புகுந்து தாக்கும் அவன், தன் கைப்பேசியில் காதலியின் குரலைக் கேட்டு ஒரு கணம் தன்னுணர்வு பெறுகிறான். துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான்.

'''சேஃப் ஹேவன்''': ஆவணப்படக் குழுவொன்று, "தந்தை" என அழைக்கப்படும் தலைவரின் கீழ் இயங்கும் மறைவான சமயக் குழுவின் வளாகத்துக்குள் படமெடுக்கச் செல்கிறது. நேர்காணல் நடக்கும்போதே குழுவினர் கூட்டாகத் தற்கொலை செய்துகொள்ளத் தொடங்குகின்றனர். படக்குழுவைச் சேர்ந்த கருவுற்ற பெண்ணான லேனாவின் வயிற்றிலிருந்து அரக்க உயிரொன்று வெளிவருகிறது. தப்பியோடும் ஆடமை அது பின்தொடர்ந்து வந்து "அப்பா" என்று அழைப்பதுடன் கதை முடிகிறது.

'''ஸ்லம்பர் பார்ட்டி ஏலியன் அப்டக்ஷன்''': ஏரிக்கரை வீடொன்றில் பெற்றோர் இல்லாத வேளையில் விளையாடிக் களிக்கும் சிறுவர்களை வேற்றுலகவாசிகள் தாக்குகின்றனர். நிகழ்வுகளின் பெரும்பகுதியை வளர்ப்பு நாயின் மீது கட்டப்பட்ட படக்கருவி பதிவுசெய்கிறது.

== படக்கருவியின் இடம் ==

இவ்வகைப் படங்களைக் காண்போர் வழக்கமாக எழுப்பும் கேள்வி ஒன்றுண்டு: உயிருக்கு ஆபத்து நேரும்போது ஒருவர் ஏன் படக்கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதில்லை? முதற்படத்தின் மீது வைக்கப்பட்ட குறைகளுள் இதுவும் ஒன்று.

இத்தொடர்ச்சியின் கதைகள் இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே வழியில் விடை காண்கின்றன. படக்கருவி கையில் இல்லை, உடலில் உள்ளது. முதற்கதையில் அது கண்ணாகவே இருக்கிறது. இரண்டாவதில் தலைக்கவசத்தில் உள்ளது. நான்காவதில் தன் முதுகில் இருப்பது இன்னதென்று அறியாத நாய் அதைச் சுமக்கிறது. மூன்றாவதான சேஃப் ஹேவனில் ஆவணப்படக் குழுவின் கருவிகளுடன் சட்டைகளில் ஒளித்துவைத்த சிறு கருவிகளும் வளாகத்தின் கண்காணிப்புக் கருவிகளும் சேர்ந்து காட்சிகளைத் தருகின்றன. ஒளித்துவைத்த கருவியை அணிந்தவர் அதை நிறுத்த வேண்டும் என்று நினைக்கும் நிலையிலேயே இல்லை.

இவ்வமைப்பைப் பலர் பாராட்டினர். குறிப்பாக, சோம்பியின் கண்வழியே சோம்பிக் கதையைச் சொன்னது பழகிப்போன ஒரு கருவைப் புதுப்பித்தது எனக் கருதப்பட்டது. அதேவேளை, விடை பெறாத கேள்விகளும் உள்ளன. எண்முறைக் கருவிகளில் பதிவான காட்சிகளை நிகழ்பட நாடாவில் ஏற்றியவர் யார்? சேஃப் ஹேவனில் பல கருவிகளின் காட்சிகளைத் தொகுத்து அடுக்கியவர் யார்? இவற்றைக் குறையாகக் கொண்டோர் உண்டு. கதை விறுவிறுப்பாகச் செல்லும்போது இவை நினைவுக்கே வருவதில்லை என்போரும் உண்டு.

== பார்வையாளர் கருத்துகள் ==

=== சேஃப் ஹேவன் ===

படத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பதில் இரசிகர்களும் விமர்சகர்களும் பெரும்பாலும் உடன்படுகின்றனர். முழு வி/எச்/எஸ் தொடரிலும் இதற்கு இணையான பகுதி இல்லை என்று கூறுவோரும் பலர். தொடக்கத்தில் அமைதியான ஆவணப்படம் போல நகர்ந்து, ஒரு மணியோசைக்குப் பின் மூச்சுவிட இடமின்றி விரையும் கட்டமைப்பும், தந்தையாக நடித்த எபி குஸ்னந்தரின் நடிப்பும் குறிப்பாகப் போற்றப்பட்டன. 1978 இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வை இக்கதை நினைவூட்டுவதாகப் பலர் கருதினர்.

இப்பகுதியின் முடிவைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இறுதியில் தோன்றும் அரக்க உருவம் அதுவரை வளர்ந்த அச்சத்தை நகைப்பாக மாற்றிவிட்டது என்பது ஒரு சாரார் கருத்து. அந்த ஒற்றைச் சொல் ஆடம், லேனா இருவரிடையே முன்பே குறிப்பாகச் சொல்லப்பட்ட உறவை முடித்துவைப்பதால், நகைப்பும் அச்சமும் கலந்த அம்முடிவு பொருத்தமானதே என்பது மற்றொரு சாரார் கருத்து.

=== எ ரைட் இன் த பார்க் ===

இரண்டாம் இடம் பெரும்பாலும் இப்பகுதிக்கே தரப்படுகிறது. குருதி மிகுந்த காட்சிகளுக்கிடையே எழும் இரக்க உணர்வைப் பலர் சுட்டிக்காட்டினர். அச்சமூட்டுவதைவிடச் சிரிப்பூட்டுவதே மிகுதி என்று குறைகூறியோரும் உளர்.

=== ஸ்லம்பர் பார்ட்டி ஏலியன் அப்டக்ஷன் ===

கருத்து வேறுபாடு மிகுந்த பகுதி இது. வேற்றுலகவாசிகளின் வருகையை அறிவிக்கும் பேரொலியும் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் சிலருக்குப் பெரும் அச்சத்தைத் தந்தன. சிலருக்குத் தலைவலியைத் தந்தன. நாயின் முதுகிலிருந்து எடுக்கப்பட்ட காட்சிகளில் என்ன நடக்கிறது என்பதே புரியவில்லை என்ற குறையும் உண்டு. இறுதியில் நாய் இறப்பது பார்வையாளர் பலரை வருத்தியது. மனிதர் பலர் மாண்டபோது கலங்காதவர்களும் அக்காட்சியைத் தாங்க இயலவில்லை என்று கூறினர். கதைமாந்தருள் தவறேதும் அறியாத ஒரே உயிர் நாய்தான் என்பது இதற்கொரு காரணமாகலாம்.

=== ஃபேஸ் ஒன் கிளினிக்கல் டிரயல்ஸ் ===

செயற்கைக் கண் என்னும் கரு பாராட்டப்பட்டாலும், பேய்கள் திடீரெனத் தோன்றித் திடுக்கிடச் செய்யும் உத்தியையே இப்பகுதி மிகுதியும் நம்பியிருப்பதாகக் குறை கூறப்பட்டது. ஒருவரின் கண்ணில் பதிவாகும் அந்தரங்கம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு அதைப் பின்தொடராமல் விட்டது சிலருக்கு ஏமாற்றமளித்தது.

=== டேப் 49 ===

முதற்படத்தின் இணைப்புக் கதையைவிடத் தெளிவானது என்று ஏற்கப்பட்டாலும், பலரின் தரவரிசையில் இதற்குக் கடைசி இடமே கிடைத்தது. இணைப்புக் கதை அச்சமூட்டினால் குறுங்கதைகளின் வேகம் தடைபடும். அச்சமூட்டாவிட்டால் அது வெறும் இடைவேளையாகிவிடும். தொகுப்புத் திரைப்படங்கள் அனைத்துக்கும் உள்ள இச்சிக்கலிலிருந்து இப்படமும் தப்பவில்லை.

== முதற்படத்துடன் ஒப்பீடு ==

விமர்சகர்களிடம் இப்படம் முதற்படத்தைவிட நல்ல வரவேற்பைப் பெற்றது. அதற்குப் பின்வரும் காரணங்கள் கூறப்படுகின்றன.

# '''நீளம்''': முதற்படம் 116 நிமிடங்கள் ஓடுவது, இணைப்புக் கதை நீங்கலாக ஐந்து கதைகளைக் கொண்டது. இத்தொடர்ச்சி ஒரு கதையையும் 20 நிமிடங்களையும் குறைத்துக் கொண்டது.
# '''பெண்களைக் காட்டும் முறை''': முதற்படத்தின் பல கதைகளில் பெண்களைத் துன்புறுத்தும் அல்லது மறைந்திருந்து படமெடுக்கும் ஆண்களே மையமாக இருந்தனர். அப்படம் அவர்களைக் கண்டிக்கிறதா, அல்லது அவர்களுடன் சேர்ந்து பார்க்கிறதா என்ற கேள்வி அன்று வலுவாக எழுந்தது. இத்தொடர்ச்சியில் அப்போக்கு குறைந்துள்ளது, முற்றிலும் நீங்கவில்லை.
# '''பல்வகைமை''': பேய், சோம்பி, சமயக் குழு, வேற்றுலகவாசிகள் எனக் கதைக்குக் கதை கரு மாறுகிறது.
# '''ஒளிப்பதிவு''': படக்கருவி உடலோடு பிணைக்கப்பட்டதால் காட்சிகளுக்குக் காரணம் கிடைத்தது. ஆயினும் ஆட்டம் குறையவில்லை. அசையும் காட்சிகளால் தலைசுற்றல் ஏற்படுவோருக்கு இப்படமும் ஏற்றதன்று.

முதற்படத்தையே மேலானதாகக் கருதும் இரசிகர்களும் உள்ளனர். முதற்படத்தின் கரடுமுரடான தோற்றம் உண்மையான நாடாவைக் காணும் உணர்வைத் தந்தது என்றும், இரண்டாவது படம் அவ்வுணர்வை இழந்து கட்டணப் பூங்காவின் விளையாட்டு வண்டி போலாகிவிட்டது என்றும் அவர்கள் வாதிடுகின்றனர்.

== பின்னைய படங்கள் ==

2014 இல் வெளிவந்த வி/எச்/எஸ்: வைரல் என்னும் மூன்றாவது படம் முந்தைய இரு படங்களின் அளவுக்கு வரவேற்புப் பெறவில்லை. ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் வி/எச்/எஸ்/94 (2021) இத்தொடரை மீட்டது. சாஹ்யாந்தோ அப்படத்தில் ஒரு பகுதியை இயக்கினார். அதனைத் தொடர்ந்து வி/எச்/எஸ்/99 (2022), வி/எச்/எஸ்/85 (2023), வி/எச்/எஸ்/பியாண்ட் (2024), வி/எச்/எஸ்/ஹாலோவீன் (2025) ஆகியவை வெளிவந்தன.

ஸ்லம்பர் பார்ட்டி பகுதியை விரிவாக்கி, கிட்ஸ் வெர்சஸ் ஏலியன்ஸ் என்னும் முழுநீளப் படத்தை ஐசனர் இயக்கினார். அது 2022 இல் விழாவில் திரையிடப்பட்டது. விங்கார்ட் பின்னாளில் காட்சில்லா வெர்சஸ் காங் (2021) போன்ற பெரும் பொருட்செலவுப் படங்களை இயக்கினார்.

புதிய வி/எச்/எஸ் படம் வெளிவரும் ஒவ்வொரு முறையும், அதில் சேஃப் ஹேவனுக்கு நிகரான பகுதி உண்டா என்று இரசிகர்கள் கேட்பது வழக்கமாகிவிட்டது.

== இவற்றையும் பார்க்கவும் ==

* த பிளேர் விட்ச் புராஜெக்ட்
* த ரெய்டு
* நிகழ்பட நாடா
* திகில் திரைப்படம்