முத்திரை வாசிப்பு

கே.கே. நகர் வீட்டில் பரண் ஒழித்தபோது கல்லூரி நோட்டு ஒன்றிலிருந்து ஒரு தாள் விழுந்தது. என்.சி.சி. பரேடில் எனக்குக் கொடுத்திருந்த துப்பாக்கியின் முத்திரைமேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி. மேலே கிரீடம். அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. பிறகு இஷாபூர், 1942.

எங்களுக்கு அது வெறும் ‘த்ரீ நாட் த்ரீ’. ஏட்டுப் பெயர் லீ-என்ஃபீல்டு. லீ ஒரு சீனர் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்கா போன ஜேம்ஸ் பாரிஸ் லீ அவர். என்ஃபீல்டு, லண்டனுக்கு வடக்கே சர்க்கார் ஆயுதசாலை இருந்த ஊர். ஆகவே பெயர் எதையும் நிரூபிக்காது. அதே துப்பாக்கியை பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ.யும் ஆஸ்திரேலியாவில் லித்கோவும் செய்தன. செய்த இடம் தெரிய, போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், மரக்கட்டை பொருந்தும் இரும்பின் வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

ஊர்ப்பெயர் தேய்ந்திருந்தாலும் ஓர் எழுத்து காட்டிக்கொடுக்கும். இங்கிலாந்தில் செய்தவற்றில் ஜி.ஆர். மட்டும்: ஜார்ஜ் ரெக்ஸ், அரசர். இஷாபூரில் செய்தவற்றில் கூடுதலாக ஓர் ஐ: இம்பெரேட்டர். தன் ஊரில் வெறும் அரசர், நம்மிடம் மட்டும் சக்கரவர்த்தி. அந்த எழுத்தை இரும்பில் அடித்த வங்காளத் தொழிலாளிக்கு அது என்ன அர்த்தப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்த்ததுண்டு.

முன்பாக மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி இருந்தால் இஷாபூர் என்பார்கள். அவசர முடிவு. மரம் பிளக்காதிருக்க, பழுதுபார்க்க வந்த இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்கும் அங்கே அதைப் போட்டார்கள். திருகாணி சிகிச்சையைச் சொல்லும், பிறப்பைச் சொல்லாது.

இஷாபூர், ஹூக்ளிக் கரையில் பாரக்பூருக்கு அருகில் இருக்கிறது. 1857இல் மங்கள் பாண்டே என்ஃபீல்டு தோட்டாவை மறுத்த அதே பாரக்பூர். கம்பெனியின் வெடிமருந்துச் சாலை இருந்த இடத்தில் 1904இல் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. இந்தியப் போலீசுக்காக .303இன் குழாயை வழவழப்பாகக் கடைந்து .410 ஆக்கியதும், மேகஸீனில் மரத்துண்டைச் செருகி ஒற்றைக் குண்டு போடவைத்ததும் இங்கேதான். போலீஸ்காரனிடம் துப்பாக்கி வேண்டும், ஆனால் ரொம்பவும் வேண்டாம். குடியரசுக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் ஏறியது, ஆலை அதுவேதான்.

துப்பாக்கிக்கு ஓர் எண்ணும் உண்டு. போல்ட்டிலும் உடலிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் ஏதோ ஒன்று மாற்றப்பட்டது என்று அர்த்தம். இரும்பை இப்படிப் பதிவேட்டில் கட்டிவைத்த சர்க்கார், மனிதர்களையும் கட்டிவைக்கப் பார்த்தது. எங்கள் மாவட்டத்தில் உசிலம்பட்டிப் பக்கம் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு இன்னும் ‘ரேகைச் சட்டம்’ என்றுதான் பெயர். ஆண்கள் பெருவிரலைப் பதிவுசெய்ய வேண்டும். பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் ஒருத்தி. அவர்கள் மறுத்தது இந்த முத்திரையின் இன்னொரு வடிவத்தைத்தான் என்று தாளைப் பார்க்கும்போது படுகிறது. எனக்கு அன்று அது தெரியாது. பாடப்புத்தகத்தில் பாரக்பூர் இருந்தது, பெருங்காமநல்லூர் இல்லை.

என் பிரதியில் துப்பாக்கியின் எண் இல்லை. அதைத் தேய்ப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவசரத்தில் தாளின் ஓரத்தில் பென்சில் கரியோடு என் பெருவிரல் பதிந்திருக்கிறது.