நாய்க்குட்டியை நிலைப்படிக்கு வெளியே நிறுத்திப் பழக்குவது எப்படி?



வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நெல்வயலும் ஆடுமாடும் வைத்திருக்கும் வீடுகளுக்குக் காவல் நாய் தேவைப்படுகிறது. குட்டியாகக் கொண்டுவரும் நாய் ஒரு வாரத்தில் கூடத்துக்குள் ஓடி வந்து, முஸல்லாவில் படுத்துவிடுகிறது. வீட்டுப் பெரியவர்கள் கோபப்படுகிறார்கள். கடைசியில் அந்த வாயில்லா ஜீவனை ரோட்டோரம் விட்டுவிட்டு வருகிறோம். அது பட்டினியில் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மார்க்கத்திலும் பாவம். எல்லை எது என்று அதற்கு யாரும் கற்றுத் தராததுதான் இங்கே கோளாறு.

மார்க்கம் சொல்வது

விவசாயம், கால்நடைக் காவல், வேட்டை ஆகியவற்றுக்காக நாய் வளர்க்க நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். இத்தேவைகள் இன்றி வளர்ப்பவரின் நற்செயலில் நாள்தோறும் கீராத் அளவு குறையும் என்ற எச்சரிக்கை புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. நாய் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும் உண்டு. அனுமதிக்கப்பட்ட நாய்க்கும் இது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எனவே நாய்க்கு வெளியே இடம் கொடுப்பதே பேணுதலான வழி. குகைத் தோழர்களின் நாய் வாசலில்தான் படுத்திருந்தது என்று அல்கஹ்ஃப் அத்தியாயம் (18:18) கூறுவதையும் நினைவில் கொள்வோம்.

ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இருபுறமும் காய்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டாது. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ், உடல் அப்படியல்ல. உங்கள் வீட்டுக்குரிய சட்டத்தை மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழக்கும் முறை

1. முதலில் வெளியே ஓர் இடம் கொடுங்கள். தோட்டத்திலோ கொட்டகை ஓரத்திலோ மழை படாத மேடான இடத்தில் சாக்கு விரித்து, தண்ணீர்ச் சட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒதுங்க இடமில்லாத குட்டி உள்ளேதான் ஓடி வரும்.

2. சோறு எப்போதும் அங்கேயே வையுங்கள். அடுப்படி வாசலில் ஒரு நாள் மீன்முள் போட்டாலும் மறுநாள் அங்கே வந்து நிற்கும்.

3. முதல் சில வாரங்கள் நிலைப்படியில் பலகையோ மூங்கில் தட்டியோ வைத்து அடையுங்கள். உள்ளே போய்ப் பழகவே வாய்ப்பு இருக்கக் கூடாது.

4. பிறகு தட்டியை எடுத்துவிட்டு, குட்டியைக் கயிற்றில் பிடித்தபடி படிக்கு வெளியே நில்லுங்கள். உள்ளே போக முயன்றால் "நில்லு" என்று ஒரே முறை சொல்லி மறித்து நில்லுங்கள். அது பின்வாங்கிய உடனே வெளிப்பக்கத்தில் ஒரு துண்டுத் தீனி கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

5. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே பயன்படுத்துங்கள். அத்தா விரட்ட, பிள்ளைகள் ரகசியமாக உள்ளே தூக்கி வந்தால் குட்டி குழம்பிவிடும். பிள்ளைகள் விளையாடுவதும் வெளியேதான்.

6. அடிக்காதீர்கள். எப்போதோ செய்ததற்கு இப்போது அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. நம்மைக் கண்டு பயப்படவும் கடிக்கவும்தான் கற்றுக்கொள்ளும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும் கூடாது.

7. உள்ளே சிறுநீர் கழித்துவிட்டால் வாடை போகும்வரை கழுவுங்கள். வாடை இருந்தால் அதே இடத்துக்குத் திரும்பி வரும். ஷாஃபி வீடுகளில் இதற்கும் ஏழு முறை கழுவும் சட்டமே.

தொழும் இடத்தை அடுப்படியைப் போலவே கதவு உள்ள அறையாக அமைப்பது நல்லது. முஸல்லாவைத் தொழுது முடித்ததும் மடித்து உயரத்தில் வையுங்கள். தோட்டத்துக்கென்று தனிச் செருப்பும், குட்டியைத் தூக்குவதற்குத் தனி உடையும் இருந்தால் உளூ, தொழுகையில் சந்தேகம் வராது.

தடுப்பூசி

குட்டிகளுக்குக் குடற்புழு இருக்கும், அது பிள்ளைகளுக்கும் தொற்றலாம். குடற்புழு மருந்தும், மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசியும் அவசியம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தையோ, குரும்பாப்பேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். குட்டி விளையாட்டாகக் கடித்தாலும் கீறினாலும், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி நாம் அறிந்ததே. காவலுக்கென்று கொண்டுவந்த உயிரை, அதன் இடத்தில் வைத்து, அதன் உரிமையைக் கொடுத்து வளர்ப்போம். நம் இல்லங்களின் தூய்மையையும் உள்ளங்களின் இரக்கத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.