தேறலும் மண்டியும்

தெளிந்த கள்ளைச் சங்கப் புலவர் ‘தேறல்’ என்றனர். உரையாசிரியர் அதற்குக் ‘கட்டெளிவு’ எனப் பொருளுரைத்தனர். தெளிவே மதுவுக்குச் சிறப்பு என்னும் மதிப்பீடு அச்சொல்லிலேயே பொதிந்துள்ளமை நோக்கற்பாலது. அடியிற்றங்கும் மண்டிக்கு அப்பெருமை கிட்டவில்லை.

திம்புள்ளைத் தோட்டங்களுக்கு அணித்தான நுவரெலியாவில் 1881 இல் பியர் ஆலை எழுந்தது. பின்னாளில் அது பியகமவுக்குப் பெயர்ந்தது. போத்தலுள்ளேயே நொதித்து முதிரும் பியரில் மதுவம் அடியிற்படியும். ஆங்கிலேயர் அதனை அசையாது சரித்துத் தெளிவை மட்டும் வார்ப்பர். பவேரியரோ தம் கோதுமைப் பியரின் மண்டியைக் கலக்கியே ஊற்றுவர். எது தகும்?

மண்டி வெறுங்கழிவன்று. பியர் ஆலைகளில் எஞ்சிய மதுவத்திலிருந்தே 1902 இல் இங்கிலாந்தின் பேட்டனில் ‘மாமைற்’ பிறந்தது. பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களின் குருதிச்சோகையை அது தீர்த்ததென லூசி வில்ஸ் 1931 இல் காட்டினார். அதன் காரணி பின்னர் போலிக் அமிலம் எனத் தெளிவாயிற்று. இலங்கையை 1934-35 இல் மலேரியா வாட்டியபோது சூரியமல் இயக்கத்தினர் நலிந்தோர்க்கு மாமைற் ஊட்டினர்.

இதுகொண்டு மண்டியை மருந்தென விழுங்குவது பொருந்தாது. மாமைற்றில் மதுவக் கலங்கள் சிதைக்கப்பட்டுள்ளன. உயிருள்ள மதுவமோ தன் தயமினை எளிதில் விடாது, குடலிலுள்ளதையுங் கவரும். வயிறும் சற்றே இளகும். சுவை கருதி அருந்துவோர் அருந்துக. சத்துக் கருதி அன்று. துரைமார் அருந்திய பியரின் கசடு, சோகையுற்ற கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு உதவவேண்டுமாயின், போத்தலினின்றன்று, ஆய்வுகூடத்தின் வழியாகவே அவளை அடைதல்வேண்டும்.